நான்காவது அட்டை

ஆகஸ்ட் 4, திங்கள்
தங்கையை ரிலே ஓட்டத்துக்குத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! கடைசிச் சுற்று அவளுக்குத்தான்! குதித்த குதியில் ஒரு செருப்பு அலமாரி மேல் போய்விட்டது. (குதித்தது நான்.) அவளுக்கு ஆஸ்துமா என்பதால் டாக்டர்தான் ஒரு நிபந்தனை வைத்தார்: "தினமும் சாயந்திரம் மூச்சை அளக்கிற இந்தக் குழாயில ஊதட்டும். பந்தயத்துக்கு முந்தின வாரம் முழுக்க இருநூறுக்குக் கீழ இறங்கக் கூடாது. இறங்கினா, உட்கார்ந்து கைதட்டட்டும்."

ஆகஸ்ட் 7, வியாழன்
காலையில் 220. பள்ளி விட்டு வந்ததும் 170. ஏன்? ஏன்? ஏன்?
பெரிய சாலை லாரிகள்மேல்தான் சந்தேகம். நான்கு வெள்ளை அட்டைகளில் வாஸ்லின் களிம்பு தடவிக் கட்டிவிட்டேன்: பால்கனி, விளையாட்டுத் திடல், பெரிய சாலை, பள்ளிக்கூட வாசல். புகை வந்து ஒட்டும்! டப்பா காலி. "நாளைக்கு உதடு வெடிச்சா உன் ஆராய்ச்சியையா பூசிக்கிறது?" என்றாள் அம்மா.

ஆகஸ்ட் 11, திங்கள்
கண்டுபிடித்துவிட்டேன்! பெரிய சாலை அட்டை வெறும் சாம்பல் நிறம். பள்ளிக்கூட வாசலில் கட்டிய நான்காவதுதான் கன்னங்கரேல்! மாடிப்படியெல்லாம் ஆடிக்கொண்டே ஏறினேன்.
பாதிப் படியில் நின்றுவிட்டேன். வாசலில் வரிசையின் முதல் வண்டி யாருடையது?
அப்பாவுடைய வேன்.

ஆகஸ்ட் 12
எழுதவே பிடிக்கல. மணி அடிக்க அரை மணி முன்னாடியே வந்து, எஞ்சினை ஓடவிட்டு, ஏசி போட்டு வெச்சிருப்பார். எங்களுக்காக. என் வகுப்பு விடும்வரை தங்கை நிற்பது அந்த வண்டியின் பின்னால்தான். எப்படிச் சொல்றது?

ஆகஸ்ட் 13
சொல்லிட்டேன். அப்பா அட்டையில் விரலை வைத்துப் பார்த்தார். "உங்களுக்கு வேர்க்கக் கூடாதுன்னுதானேம்மா..." அவ்வளவுதான். எனக்குத்தான் அழுகை வந்தது. அட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆகஸ்ட் 14
அட்டை வேன் கண்ணாடியில் தொங்குகிறது! எஞ்சின் மூச்! பின்னால் நின்ற வேன் மாமா, "என்ன தலைவரே, டீசல் தீந்துபோச்சா?" என்றார்.
"இல்லப்பா. என் பொண்ணு நம்ம வண்டிங்களையெல்லாம் படம் புடிச்சிருக்கா, வந்து பாரு!"
மாமா தொட்டுப் பார்த்துவிட்டு விரலைச் சட்டையில் துடைத்தார். வெள்ளைச் சட்டை! போய் எஞ்சினை அணைத்தார். மணி அடிப்பதற்குள் இன்னும் ஐந்து வண்டிகள். ஆறாவது வண்டியின் கதவை அப்பாவே போய்த் தட்டினார்.

ஆகஸ்ட் 18
190.

ஆகஸ்ட் 22
205!!! அம்மாவுக்குப் புது வாஸ்லின் டப்பா வாங்கித் தர வேண்டும்.

ஆகஸ்ட் 30, சனி
வாரம் முழுக்க 200க்குக் கீழே இறங்கவே இல்லை. ஓடிவிட்டாள், மூன்றாம் இடம்! (ஓடியது நான்கு அணிகள். அதை யாரிடமும் சொல்லப் போவதில்லை.)
நிறுத்தியிருந்த வேன் அடுப்பாகக் கொதித்தது. எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. தங்கை ஜன்னலில் சாய்ந்து நீளமாக விசில் அடித்துக்கொண்டே வந்தாள். சகிக்க முடியாத விசில்.
வீடு வரும்வரை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.