நிவேதா உன் கப்பில் டீ குடித்தாள்

நான் சொன்னேனா இல்லையா? உன் அண்ணன் மகள் நிவேதா ஒருநாள் இந்தப் பயத்தோடு என்னிடம்தான் வந்து நிற்பாள் என்று அவள் கல்யாணப் பந்தலிலேயே எனக்குத் தெரியும். சாம்பாரில் உப்பு குறையப் போகிறது என்றும் அன்றே சொன்னேன். நீதான் நம்பவில்லை.

இன்று காலை உன் கப்பைக் கழுவும்போது இதையெல்லாம் உனக்கு எழுதத் தோன்றியது. சூளையிலிருந்து கோணலாக வந்ததென்று நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒதுக்கிய பீங்கான் கப். "ஊருக்கே கப்பு செய்றவரு, பொண்டாட்டிக்குக் கோணக் கப்பு" என்று சிரித்தாய். நீ போய்ச் சேர்ந்த பிறகும் அதில் டீ ஊற்றி எதிரே வைக்கிறேன். ஆறியதும் அதையும் நானே குடித்துவிடுகிறேன்.

போன மாதம் அவள் வந்து உட்கார்ந்தாள். குழந்தை பெற்றுக்கொள்ளலாம் என்கிறாராம் புருஷன். இவளுக்குத் தூக்கமே இல்லை.

"பெரியத்தைக்குப் பிரசவத்துல ஆன மாதிரி எனக்கும் ஆயிட்டா, மாமா?"

பிரசவத்தில் செத்துப்போன உன் அக்காவைத்தான் சொன்னாள். எட்டாவதோடு நின்றவன் என்றாலும், சேத்தியாத்தோப்பிலிருந்துகூட ஆள் வந்து யோசனை கேட்டுப் போகிற வீடு இது. எனவே சூளையை உதாரணம் காட்டினேன். சூடு பதமாக இருந்தால் எதுவும் விரிசல் விடாது என்றேன்.

"நான் என்ன பீங்கானா மாமா?"

அப்படியே உன் வாய். அப்புறம்தான் உன் கதையை எடுத்தேன்.

"உங்க அத்தையும் இப்படித்தான் பயந்தா. ஒருநாள் பஸ் ஏறிப் போயி டாக்டரம்மா முன்னாடி உக்காந்து, பயமா இருக்குதுங்கன்னு சொல்லிட்டா. அந்தம்மா சிரிக்கல. என்ன பயம்னு ஒண்ணொண்ணா கேட்டாங்க."

"அப்புறம் ஏன் அத்தைக்குக் கொழந்த இல்ல?"

"லேட்டா போனா. நீ இப்பவே போற."

நேற்று டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு நேராக இங்கே வந்தாள். உன் கப்பில்தான் டீ வேண்டுமென்றாள்.

"உக்காந்ததும் பேச்சே வரல மாமா. அத்தைய நெனச்சிக்கிட்டேன். வந்திடுச்சு."

பெரியத்தைக்கு என்ன ஆனது என்று டாக்டரம்மா விசாரித்தாராம். எதையெல்லாம் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கி, அடுத்த முறை புருஷனோடு வரச் சொன்னாராம்.

"பயம் போச்சா?"

"இருக்குது. இன்னிக்கு அவருகிட்டயும் சொல்லப் போறேன்" என்றவள், "போயிட்டு வரேன் மாமா" என்று கிளம்பிவிட்டாள். நீ போனதிலிருந்து முதல் தடவையாக அந்தக் கப்பில் டீ ஆறவில்லை.

பிள்ளைப் பேச்சை எடுத்தால், "கொஞ்ச நாள் போவட்டுங்க" என்பாய் நீ. சரி என்பேன் நான். அப்படியே போய்விட்டது. பிரசவ வார்டைத் தாண்டி பஸ் போகும்போதெல்லாம் உன் கை என் சட்டையைப் பிடிக்கும். எனக்குப் பிள்ளை வேண்டாமென்று ஜோசியர் சொல்லிவிட்டார் என ஊரெல்லாம் நான் அளந்துவிட்டது அந்தக் கைக்காகத்தான்.

நிவேதாவிடம் சொன்னதில் ஒன்றே ஒன்று நானாகச் சேர்த்தது. நீ எந்த டாக்டரம்மாவிடமும் போகவில்லை. பயமாக இருக்கிறதென்று யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூட. நானும் கேட்கவில்லை. இப்போது அந்தக் கதை எனக்கே நடந்ததுபோல் ஆகிவிட்டது. அதில் நீ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாய். பக்கத்து சீட்டில் நான்.