சிவப்பு இழைகள்

மார்ச் 4, திங்கள்

இன்றைய பாட்டிலில் லிட்டருக்கு முப்பத்தொரு இழை. அதில் இருபத்தைந்து சிவப்பு. குழாய்த் தண்ணீர் பார்வைக்குப் பளிங்கு மாதிரிதான் இருக்கிறது. வடிகட்டி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால்தான் அதன் யோக்கியதை தெரிகிறது. எல்லாம் பிளாஸ்டிக் நூல். ஐந்து மாதமாக ஒரே சிவப்பு, ஒரே ரகம். அப்படியானால் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது, சுத்திகரிப்பு நிலையத்தின் வடிகட்டி சரியில்லை என்று அறிக்கையில் அடித்துச் சொன்னேன்.

அந்த நிலையத்தைப் பார்த்துக்கொள்பவன் என் தம்பி. அறிக்கை வந்த மறுநாளே அவனைக் கட்டாய விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். இருபது நாள் ஆகிறது. போனை எடுப்பதில்லை. அவன் மனைவி ஒரு முறை எடுத்து, "அவர் தூங்குறார் அக்கா" என்றாள். காலை பதினோரு மணிக்கு.

எனக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். ஆனால் அந்தத் தண்ணீரை ஊரே குடிக்கிறது. தம்பி என்று பார்த்தால் எப்படி?

மார்ச் 6

இன்று யாரிடமும் பேசவில்லை. நுண்ணோக்கியைத் திட்டியதைச் சேர்க்காவிட்டால்.

மார்ச் 8

ஆய்வகத் தலைவர் என் அறைக்கே வந்தார். "ஊரே நம்மளப் பத்திதான் பேசுது. புது வடிகட்டி போடக் குடிநீர் வாரியம் ஒத்துக்கிச்சு." கூட்டத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பன்னிரண்டு வருடமாக வராண்டாவில் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறவர்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வீட்டுக்கு வந்து, யாரிடம் சொல்வது என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்ச் 12

எப்படி எழுதுவது இதை.

காற்றில் பறக்கும் நூல் கணக்கில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக மேசையில் ஒரு கண்ணாடித் தட்டில் சுத்தமான தண்ணீரைத் திறந்து வைப்போம். அதில் விழுவதை மொத்தத்திலிருந்து கழித்துவிட வேண்டும். நான் காலையில் தட்டைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவேன். திரும்பி வந்து அதை மூடிவிட்டுத்தான் வேலையில் உட்காருவேன். தட்டில் எப்போதும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். எவ்வளவு சுத்தமான அறை என்று பெருமை வேறு.

இன்று சளி, தலை பாரம். மூட மறந்து நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே இருந்தேன். கொட்டுவதற்கு முன் சும்மா பார்த்தேன். இருபத்திரண்டு சிவப்பு.

குனிந்து என் தோளைப் பார்த்தேன். சிவப்புச் செயற்கை நூல் சால்வை.

பருத்திக் கோட்டு போடாமல் யாரும் உள்ளே வரக் கூடாது என்று கதவில் எழுதி ஒட்டியவள் நான். அந்தக் கோட்டுக்கு மேலேயே — ஏசி குளிருது, என்ன பண்றது — அஞ்சு மாசமா இதப் போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். ஆள் இல்லாத அறையைத்தான் தினமும் சோதித்திருக்கிறேன். என்னைச் சோதிக்கவே இல்லை.

ஐயோ, தம்பி.

மார்ச் 13

சால்வை நூலை, நூலின் ரகம் காட்டும் கருவியில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசல் அதேதான்.

பாட்டில் கழுவும் அக்காவிடம் கேட்டேன். "அது கொட்டும்னு தெரியுமேம்மா. மேசைய நான்தானே தொடைக்கிறேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க யார்கிட்டயும் பேசுறதில்லையே" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் சுருக்கென்றது.

மார்ச் 14

தலைவரிடம் சொன்னேன். கதவைச் சாத்தினார். "இது நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அடுத்த அறிக்கையில மெல்லக் கொறச்சுக் காட்டுங்க. புது வடிகட்டி வந்தா ஊருக்கு நல்லதுதானே?"

நல்லதுதான். அதுதான் தொல்லை. வாயை மூடிக்கொண்டால் வடிகட்டி வரும், என் பெயரும் கெடாது. தம்பி மட்டும் வேலை தெரியாதவன் என்று வீட்டில் உட்கார்ந்திருப்பான். பத்தொன்பது வருடம் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போகாதவன்.

மார்ச் 15

வாரியத்துக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். தவறு என்னுடையது, சால்வை என்னுடையது என்று எழுதினேன்.

மார்ச் 22

புது வடிகட்டித் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். தம்பியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இதை அவன் சொல்லித் தெரியவில்லை, செய்தித்தாளில் படித்தேன். உணவுக்கூடத்தில் நான் உட்கார்ந்ததும் எதிரே இருந்த இருவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். சாப்பிட்டு முடித்துத்தான் இருப்பார்கள். அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 27

சால்வை இல்லாமல், பருத்தியில் மட்டும், பழைய பாட்டில்களின் மிச்சத்தை எண்ணி முடித்தேன். லிட்டருக்கு ஆறு. நீலமும் நிறமில்லாததும். சிவப்பு ஒன்றுகூட இல்லை.

ஆனால் ஆறு இருக்கிறது. ஆறு என்று இப்போது நான் சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்புவதற்குப் புதுத் தண்ணீர் வேண்டும்.

ஏப்ரல் 1

நிலையத்துக்குப் போனேன். தம்பி கேட் வரை வந்தான், திறக்கவில்லை. இளைத்திருக்கிறான்.

"இப்ப என்ன?"

"லிட்டருக்கு ஆறு இருக்குடா. இது என்னோடது இல்ல."

"போன தடவையும் அப்படித்தான் சொன்ன."

மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாயில் வந்தது ஆறு. கம்பி வழியே என் காலிப் பாட்டில்களை வாங்கிக்கொண்டான். "நீ வெளிய நில்லு. நான் புடிச்சுத் தரேன்." கோபமா, ஜாக்கிரதையா தெரியவில்லை. இரண்டுக்குமே அவனுக்கு உரிமை இருக்கிறது. வெயிலில் நின்றேன்.

ஏப்ரல் 8

இந்த வாரப் பாட்டில்களை நிலையத்து டிரைவரிடம் கொடுத்துவிட்டிருக்கிறான். தேதி, நேரம், எந்தக் குழாய், எல்லாம் அவன் கையெழுத்தில். வேறு ஒரு வார்த்தை இல்லை. எண்ணினேன். ஐந்து.

ஏப்ரல் 15

இன்று வந்த பெட்டியில் நான் கேட்காத பாட்டில் ஒன்று கூடுதலாக இருந்தது. ஒட்டியிருந்த சீட்டில்: "சுத்தத் தண்ணி. நான் பக்கத்துல நின்னு திறந்து வெச்சேன். இதுல எவ்வளவு என்னோடதுன்னு பாத்துச் சொல்லு."

மூன்று முறை எண்ணினேன். ஏழு, அவன் சீருடைக் காக்கி. போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

"ஏழு" என்றேன்.

"அவ்வளவா?" என்றான்.

அவன் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவனும் போனை வைக்கவில்லை.