போற்றி மட்டும் தெரிந்தவள்

மே 2, 2025, வெள்ளி

கோயிலில் இன்று தரையிலிருந்து எழ முடியவில்லை. நூற்றெட்டுப் போற்றி முடிந்து தீபாராதனைக்கு எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு… இரண்டு பேர் தூக்கிவிட்டார்கள். "லோரியில மூட்டை ஏத்துற மாதிரி ஏத்துங்கடி" என்று சிரிக்க வைத்தேன். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிய பிறகுதான் அழுகை வந்தது.

மே 9, வெள்ளி

போகவில்லை. சுவரோரம் வயதானவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறது. அந்த வரிசைக்கு 'பஸ் ஸ்டாப்பு' என்று பேர் வைத்தவளே நான்தான். அங்கே போய் எப்படி உட்காருவேன்? ஐம்பத்தெட்டு ஒரு வயசா?

மே 13

மகன் ஜீவன் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து போன் செய்தான். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன்யா." "ஓகே லா, மீட்டிங் இருக்கு." முட்டி வலியைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை. அவன் அப்பா இருந்திருந்தால் தைலமாவது தேய்த்திருப்பார். திட்டிக்கொண்டேதான்.

மே 16, வெள்ளி

வீட்டிலேயே விளக்கேற்றிக் கட்டிலில் உட்கார்ந்தேன். போற்றி சொல்லலாம் என்றால் ஒரு பெயரும் வரவில்லை! குமுதா அக்கா புத்தகம் பார்த்து அம்மன் பெயரைச் சொல்வார், நாங்கள் "போற்றி" என்போம். இத்தனை வருசத்தில் எனக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். புத்தகமும் அக்காவிடம்தான் இருக்கிறது.

முட்டியே போற்றி என்றேன். பூட்டின கதவே போற்றி. அடிக்காத போனே போற்றி.

படத்தில் அம்மன் சிரிக்கிறாள். சிரி, சிரி. ஒனக்கென்ன, சிங்கத்து மேல ஏறி உக்காந்துட்டே. எனக்கு யாரு இருக்கா?

மே 21

கிள்ளான் பாசாரில் கீரை வாங்கும்போது குமுதா அக்கா பிடித்துக்கொண்டார். "ஏன்டி தாமரை வரல? நீ இல்லாம எல்லாம் வாய்க்குள்ளயே முணுமுணுக்குதுங்க. யாருக்குப் பேரு சொல்றேன்னே தெரியல."

"முட்டி வலிக்குதுக்கா" என்றேன். முதல் தடவையாக ஒருத்தரிடம் சொன்னேன்.

"அதுக்குத்தான் நாற்காலி இருக்கே லா."

கீரையைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

மே 23, வெள்ளி

சாயந்தரம் விளக்கேற்றும்போது படத்தையே பார்த்தேன். அவளே தரையில் உட்காரவில்லையே! சேலை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் பக்கத்தில் நல்லம்மாள் ஆன்டி, "டிக்கெட் எடுத்தியாம்மா?" என்றார். வரிசையே குலுங்கியது.

தரையிலிருந்து குமுதா அக்கா திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவள் தோளைப் பிடித்து மெல்ல எழுந்தார். புத்தகத்தோடு வந்து என் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்கும் ரொம்ப நாளா முட்டி வலிடி. நீ கேலி பண்ணுவேன்னுதான் தரையிலயே கெடந்தேன்."

அப்புறம் முதல் பெயரைச் சொன்னார். நான் எனக்குத் தெரிந்ததைச் சத்தமாகச் சொன்னேன்.