அவர் முதுகில் வந்த சிவப்பு

2021 மே 6, வியாழன்

இன்றும் வைத்த ரசம் வைத்தபடி இருக்கிறது. கொரோனா என்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து மகன் வாசு மொட்டை மாடியில் நின்றுதான் போன் பேசுகிறான். நான் படியேறினால் பேச்சை மாற்றுகிறான். பெற்றவளிடம் என்ன ரகசியம்?

"ஒண்ணுமில்லம்மா. ஆக்ஸிஜன் வச்சிருக்காங்க, நல்லாத்தான் இருக்கார்."

நல்லா இருக்கிற மனுஷனுக்கு எதுக்குடா ஆக்ஸிஜன்?

மே 7

பேத்தி அக்ஷதா வீடியோவில் காட்டினாள். அவரைக் குப்புறப் படுக்கவைத்திருக்கிறார்கள். எதற்குக் குப்புற? சட்டை விலகியிருந்தது. முதுகெல்லாம் சிவப்பு, பொரிப் பொரியாக. இதைத்தான் மறைத்தார்களா!

"ராஷ் பாட்டி. டாக்டருக்குத் தெரியும், டென்ஷன் நக்கோ, கவலைப்படாதீங்க."

டாக்டருக்குத் தெரியுமாம். எனக்குத் தெரியாதா? ஐந்தாவதோடு நிறுத்தினவள்தான். ஆனால் இந்த லாலாகுடாவில் யார் வீட்டுப் பிள்ளைக்கு அம்மை போட்டாலும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். கோடையில் மேல் சிவந்தால் வேறு என்ன? அம்மா உடம்பில் இருக்கும்போது ஊசி குத்தலாமா?

மே 8

வாசலில் வேப்பிலை கட்டினேன். வாசு பார்த்துவிட்டு மாடியேறிப் போனான். அக்ஷதா குளிக்கப் போன நேரம் அவள் போனில் அவரை வீடியோவில் கூப்பிட்டேன்.

"அம்மா இறங்கற வரைக்கும் ஊசி வேண்டாம்னு சொல்லிடுங்க."

மூச்சு வாங்க, "கைக்கு?" என்றார். ஏன் என்று கேட்கிறார்; ரிடையராகி இத்தனை வருஷமாகியும் ரயில்வே வொர்க்ஷாப் உருது போகவில்லை.

"நான் சொல்றேன், அதுக்கு."

தலையாட்டினார்.

மே 9

வாசு கத்தினான். என்னிடம் அவன் கத்தினதே இல்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து அவர் ஊசி போட விடவில்லையாம், கையை இழுத்துக்கொள்கிறாராம். ஆக்ஸிஜன் அளவு இறங்கிவிட்டது, ஐ.சி.யு.வுக்கு மாற்றணுமாம். போனை என் கையில் திணித்தான். டாக்டர் ராஜீவ்.

"அம்மா, இது அம்மை இல்ல. இந்த நோய்ல சிலருக்குத் தோல் இப்படி ஆகுது. கால் விரல்கூட நிறம் மாறுது. ஊசியை நிறுத்தினா உயிருக்கே ஆபத்து."

எல்லாத்துக்கும் கொரோனாதானா? தங்கள் மருந்தால் வந்ததை மூடி மறைக்கிறார்களோ? நான் விடவில்லை. "முத்துல நீர் கோத்திருக்கா? அதைச் சொல்லுங்க."

நர்ஸைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்களே பாருங்க" என்றார். நர்ஸ் வீடியோ போட்டுக் கிட்டே கொண்டுபோனாள்.

பார்த்தேன். நான் முதலில் பார்த்து இன்றோடு மூன்று நாள், அம்மையானால் இதற்குள் முத்தில் நீர் கோத்திருக்கும். ஒன்றில்கூட நீர் இல்லை. முகத்தில் ஒன்றுகூட இல்லை. முதுகில் தட்டையாகத் திட்டுத் திட்டாக. கால் விரல்கள் நாவல்பழ நிறம். அம்மா இப்படி வரமாட்டாள். இது வேறு.

"ஊசி போட்டுக்குங்க" என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பாமல் பார்த்தார். "நான்தான் சொல்றேன். போட்டுக்குங்க."

கையை நீட்டினார்.

மே 10

ஐ.சி.யு.வில் சேர்த்துவிட்டார்கள். போன் இல்லை.

மே 11

இன்றும் இல்லை. வாசு என் முகத்தைப் பார்ப்பதில்லை. நானா தப்பு? முதல் நாளே கிட்டக் காட்டியிருந்தால் நானே சொல்லியிருப்பேனே. மறைச்சது யாரு?

என்னத்தை எழுதறேன் நான். அவர் வரணும். அவ்வளவுதான்.

மே 14

மூச்சு கொஞ்சம் பரவாயில்லையாம். வாசு சொன்னான். கீழே வந்து, என் எதிரில் நின்று சொன்னான்.

மே 27

அவர் வந்து இரண்டு நாளாகிறது. பாதி ஆளாக. முதுகில் தோல் உரிகிறது. தேங்காயெண்ணெய் தடவலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். அக்ஷதா என்னையே பார்த்தாள். "என்னடி பார்வை? கேளு."

மத்தியானம் அடுத்த தெரு பானு போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் இருக்கும் அவள் மாமியாருக்கும் மேலெல்லாம் சிவந்திருக்கிறதாம்.

"அம்மைதானே அக்கா? ஊசியை நிறுத்தச் சொல்லட்டுமா?"

"நிறுத்தாதே."

"எப்படிக்கா அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

உள்ளே கட்டிலில் அவர் இருமினார்.

"தெரியும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.