பட்டத்தில் விழாத மின்னல்

ஐப்பசி 12, வியாழன்

இன்று எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு, ஏழாம் வகுப்பில் எனக்குப் பாடம் எடுத்த வாத்தியார்தான் சிறப்பு விருந்தினர். அமெரிக்காவில் இருக்கும் மகன் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தந்ததால் அந்த மரியாதை. மைக்கைப் பிடித்து அதே பழைய கதையைச் சொன்னார். இடிமழையில் ஒரு விஞ்ஞானி விட்ட பட்டத்தில் மின்னல் விழுந்ததாம், நூலில் கட்டிய சாவியில் அதைப் பிடித்துவிட்டாராம்.

ஏழாம் வகுப்பில் இதைச் சொன்ன அன்று நான் எழுந்து கேட்டேன். “எங்க பெரியப்பா வயல்ல இடி விழுந்து செத்துட்டாரே சார், அந்த விஞ்ஞானி மட்டும் எப்படிப் பொழச்சாரு?”

“நடவுக்குப் போற வீட்டுப் புள்ளைக்கு வாயப் பாரு.” மணி அடிக்கும்வரை முட்டி போட வைத்தார்.

இன்று அதே பள்ளியில் நான் இயற்பியல் ஆசிரியை. நன்றியுரை சொல்லும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

“சார் சொன்னதுல ஒரு திருத்தம். பட்டத்துல மின்னல் விழவே இல்ல. விழுந்திருந்தா அந்த விஞ்ஞானி அங்கேயே செத்திருப்பாரு. மேகத்துல இருந்த மின்சாரம் ஈர நூல் வழியா இறங்கி, சாவியில சின்னதா ஒரு பொறி தட்டுச்சு. அவ்வளவுதான்.”

முன்வரிசையில் ஒரு சிறுமி எழுந்தாள். “அப்ப சார் தப்பா சொல்லிக்குடுத்தாங்களா மிஸ்?”

தலைமையாசிரியர் அவளை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். நான் மைக்கை அவளிடம் நீட்டினேன்.

“சார்கிட்டயே கேளும்மா. சத்தமா கேளு.”