பசிக்காத வேளைச் சோறு

ஜூன் 10, செவ்வாய்

கேண்டீனில் இன்று லெமன் ரைஸ். போனில் இருக்கும் கலோரி ஆப்பில் தேடினால் ‘ஒரு கிண்ணம்’ என்று வருகிறது. எந்தக் கிண்ணம்? எங்கள் கேண்டீனில் கரண்டியால் அள்ளிப் போடுவார்கள். உத்தேசமாக ஒன்றைத் தட்டிவிட்டேன். எதிரே உட்கார்ந்திருந்த டில்லிபாபு என் தட்டைப் பார்த்து, “இன்னா நம்பி, பூனைக்கு வெச்ச மாதிரி கீது?” என்றான். ஆபரேஷன் விஷயம் ஃபாக்டரியில் எங்கள் லைனில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஸ்கேன் ரிப்போர்ட் வந்ததிலிருந்து மண்டைக்குள் ஒரே வார்த்தைதான். கொழுப்பு. செல்லக்கனி அக்காவுக்கு ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்க நான் பொருத்தம். ரத்த வகை சரி, வயது சரி. அத்தானுக்கு ரத்த வகை சேரவில்லை. ஆனால் என் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறதாம். அதைக் குறைத்துக்கொண்டு வந்தால்தான் எடுக்க முடியும் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். நான் குடிக்கிறவன் இல்லையே டாக்டர் என்றேன். பரோட்டா சாப்பிடுவீர்களா என்று கேட்டார். மாதக் கடைசியில் மறுபடி பரிசோதனை.

டயட்டீஷியன் ரஞ்சனி மேடம் ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு கலோரி என்று வேளைவாரியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது கணக்கில் இன்னும் அறுநூறு பாக்கி. பசியே இல்லை. பாக்கி இருக்கிறது என்பதற்காகச் சாப்பிட வேண்டுமா? பசிக்காதபோது சாப்பிட்டுத்தானே இந்தக் கொழுப்பு சேர்ந்தது? என் மனைவி சந்திரலேகா சுட்டு வைத்த சப்பாத்தியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மூடி வைத்தேன். எதிலோ ஜெயித்த மாதிரி இருந்தது.

ஜூன் 12, வியாழன்

எடை இறங்கியிருக்கிறது. காலையில் இரண்டு தடவை ஏறிப் பார்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

மறைமலை நகர் போய் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தோம். போன தடவையைவிடக் கண்ணில் மஞ்சள் கூடியிருக்கிறது. வயிற்றிலிருந்து நீர் எடுத்து நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் சேலை மறுபடி தூக்கி நிற்கிறது. அவள் உடம்பே அவள் ஈரலை அரிக்கிறது என்று டாக்டர் சொன்னதை நெல்லையப்பன் அத்தான் மறுபடி முதலிலிருந்து விளக்கினார். விளக்கிக்கொண்டே இருந்தால் ஏதாவது வழி கிடைத்துவிடும் என்று நினைக்கிறார் போல.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “என்னல, கன்னம் ஒட்டிக் கெடக்கு?” என்றாள். டயட் நன்றாகப் போகிறது என்றேன். அவள் சந்திரலேகாவைப் பார்த்தாள். சந்திரலேகா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் என்ற சொல்லை அக்காவும் சந்திரலேகாவும் என் முன்னால் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை. சர்ஜன் ஆபத்து குறைவு என்றார். இல்லை என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் நான் தூங்குகிறேன், எழுந்திருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

ஒரு விஷயம் மாறிவிட்டது. முதலில் நான்தான் சாப்பாட்டைத் தள்ளினேன். இப்போது பசியே வருவதில்லை. காலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதும் இல்லை, பன்னிரண்டு மணிக்குக் கேண்டீன் வாசனை லைன் வரைக்கும் வரும்போதும் இல்லை. வயிறு சும்மா கிடக்கிறது.

நல்லதுதானே? சீக்கிரம் கரையும்.

ஆனால் ஆப் விடமாட்டேன் என்கிறது. நீங்கள் மிகக் குறைவாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்று சிவப்பில் காட்டுகிறது. அந்தச் சிவப்பைப் பார்த்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அதை அடக்க, சாப்பிடாத மூன்று தோசையைச் சாப்பிட்டதாகப் போட்டேன். பச்சையாகிவிட்டது. யாரை ஏமாற்றுகிறேன்? ரஞ்சனி மேடம் பார்ப்பார் என்றா? இல்லை, எனக்கே அந்தப் பச்சை வேண்டியிருந்ததா?

ஜூன் 24, செவ்வாய்

இன்று லைனை நிறுத்தும்படி ஆகிவிட்டது.

கார் சீட் ஃபிரேமை ஜிக்கில், அதை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சட்டத்தில், வைத்துக் குனிந்தேன். நிமிரும்போது விளக்கெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விழுந்தது நினைவில்லை. டில்லிபாபுதான் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டு என் தோளைப் பிடித்திருக்கிறான். கம்பெனி முதலுதவி அறையில் நர்ஸ் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மூன்று இட்லி என்றேன். வாய் தானாகவே சொன்னது. ஒரு டம்ளர் பால் மட்டும்தான் குடித்திருந்தேன்.

குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்துப் படுக்க வைத்தார்கள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் டில்லிபாபு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். வழக்கமாக என்னைக் கிண்டல் செய்யாமல் அவனால் இருக்க முடியாது. இன்று மெதுவாகப் பேசினான்.

“பக்கத்துலயே பிரஸ்ஸு ஓடிக்கினு கீது நம்பி. நீ அந்தப் பக்கம் விய்ந்திருந்தா இன்னா ஆயிருக்கும்? ஒங்க அக்காவுக்கு யாரு குடுப்பாங்க அப்பால?”

சந்திரலேகாவுக்கு அவனே போன் செய்துவிட்டான்.

ஜூன் 25, புதன்

லீவு. சந்திரலேகாவும் அவள் கம்பெனிக்குப் போகவில்லை. காலையில் என் டிபன் டப்பாவைத் திறந்தாள். கேண்டீன் எண்ணெய் வேண்டாமென்று நேற்று அவள் கட்டிக்கொடுத்த சோறு கலையாமல் அப்படியே இருந்தது. கொட்டிக் கழுவினாள். சத்தம் போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிறகு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பசித்தால் சாப்பிடமாட்டேனா, பசி இல்லாமல் எப்படி இறங்கும் என்று நானே ஆரம்பித்தேன்.

“பசிக்கல பசிக்கலன்னு சொல்லுதீய,” என்றாள். “பயமா இருக்குன்னு ஒரு தடவ சொல்லுங்க. அத நான் கேட்டுக்கிடுவேன்.”

சொல்ல வந்தேன். போர்வையின் ஓரத்தை மடித்தேன், பிரித்தேன். கடைசியில் சொன்னேன். மயக்க மருந்து கொடுத்ததும் எழுந்திருக்காமலே போய்விட்டால்? எழுந்த பிறகு அக்காவுக்கு அது ஒட்டாமல் போய்விட்டால்? இதையெல்லாம் நினைக்கும்போது வயிறு மூடிக்கொள்கிறது, உள்ளே ஒன்றும் போகமாட்டேன் என்கிறது என்றேன்.

அவளும் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கமிட்டியில் மனைவி சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் அல்லவா, அந்தத் தாளை நினைத்தாலே அவளுக்குத் தூக்கம் வருவதில்லையாம். “மதினிக்குக் குடுக்கக் கூடாதுன்னு நான் சொல்லல. ஆனா இப்பிடிச் சாப்பிடாமக் கெடக்கற ஆளை அனுப்பிவைக்க எனக்குக் கையெழுத்து வராது.”

மதியம் சாதம் பிசைந்து கொடுத்தாள். பாதி உள்ளே போனது.

ஜூன் 27, வெள்ளி

மறுபரிசோதனை. எடை இறங்கியிருப்பதைப் பார்த்து ரஞ்சனி மேடம் பாராட்டுவார் என்று ஒரு ஓரத்தில் இன்னும் நினைத்துக்கொண்டிருந்தேன் — என்ன மனிதன் நான். அவர் ரத்தப் பரிசோதனைத் தாளை மேஜையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். ஈரல் என்சைம் ஏறியிருக்கிறது. தசைதான் கரைந்திருக்கிறது. பட்டினி கிடந்து வேகமாக இளைத்தால் ஈரல் இன்னும் கெட்டுப்போகும் என்று முதல் நாளே சொன்னேனே என்றார். சொல்லியிருப்பார். எனக்குக் காதில் விழுந்தது ‘குறைக்க வேண்டும்’ மட்டும்தான்.

பசிக்கவே இல்லை மேடம் என்றேன்.

“பசிச்சா சாப்பிடுங்கன்னு நான் எழுதலியே. எட்டு மணின்னு எழுதியிருக்கேன், பதினொண்ணுன்னு எழுதியிருக்கேன். பசியைக் கேட்டுச் சாப்பிடறதெல்லாம் மனசு நிம்மதியா இருக்கறவங்களுக்கு. உங்க பசி இப்போ சரியாச் சொல்லாது. மணியைப் பாத்துச் சாப்பிடுங்க.”

ஆபரேஷனை மூன்று வாரம் தள்ளிவிட்டார்கள். அக்காவின் பெயரை மூளைச்சாவு அடைந்தவர்களின் தானத்துக்குக் காத்திருப்போர் வரிசையிலும் பதிந்து வைத்திருக்கிறார்கள், அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாதாம்.

அவளுக்கு மூன்று வாரம் இருக்கிறதா?

பஸ்ஸில் வரும்போது ஒரு யோசனை வந்தது, எழுதவே கூசுகிறது. தேதி தள்ளிப்போனது என்றதும் என் உடம்பு ஒரு நொடி லேசானது. நான் இதற்காகத்தான் சாப்பிடாமல் இருந்தேனா? தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தேதி தள்ளிப்போனதற்கு நான்தான் காரணம் என்றேன். அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா கோபப்படவில்லை.

“ஏல, வேண்டாம்னா இப்பமே சொல்லிரு. நான் ஒன்ன ஒரு வார்த்த சொல்லமாட்டேன். அத்தானையும் சொல்லவிட மாட்டேன்.”

வேண்டாம் என்று வாய் வரவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாததால் இல்லை. உண்மையிலேயே கொடுக்க ஆசையாகத்தான் இருக்கிறது. பயமும் இருக்கிறது. இரண்டும் ஒரே வயிற்றில் கிடக்கின்றன. இதைத்தான் அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் அவள் போனில் அலாரம் அடித்தது. அத்தான் உள்ளே வந்து ஒரு கிண்ணத்தில் சத்துமாவுக் கஞ்சியை நீட்டினார். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். நடுவில் குமட்டியது. துண்டால் வாயை அழுத்திக்கொண்டு கொஞ்சம் பொறுத்து மறுபடி கரண்டியை எடுத்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “பசிச்சுத் தின்னு நாலு மாசம் ஆச்சுல. ஆறு வேளை இப்பிடித்தான்,” என்றாள்.

எனக்கு இது தெரியாது. இத்தனை ஞாயிறு போயிருக்கிறேன். அவள் சாப்பிடுவதை ஒரு தடவையும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

இனி மதியச் சாப்பாட்டை போனை வைத்துக்கொண்டு சேர்ந்து சாப்பிடுவது என்று பேசி வைத்துக்கொண்டோம்.

ஜூலை 3, வியாழன்

கேண்டீன் மூலையில் இயர்போனோடு உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அக்கா கஞ்சி குடிக்கும் சத்தம். இந்தப் பக்கம் நான் சுண்டலும் முட்டையும். பேச்சு அதிகம் இல்லை. “முடிஞ்சிச்சா?” “இன்னும் ரெண்டு வாய்.” டில்லிபாபு தன் முட்டையையும் என் தட்டில் வைத்தான். அவன் முட்டை கணக்கில் இல்லை என்றேன். “அப்போ கணக்குல ஏத்திக்க,” என்றுவிட்டுப் போய்விட்டான்.

ஆப்பில் எல்லாம் உண்மையாகவே பச்சை.

ஜூலை 7, திங்கள்

சாப்பிட்டது நெஞ்சிலேயே நிற்கிறது. ஆனாலும் நடை, முட்டை, பயறு, மோர், மறுபடி நடை. வாலாஜாபாத் ரோட்டில் லாரிப் புழுதிக்கு நடுவே நடந்தேன். ஒவ்வொரு கவளத்துக்கும் இது கொழுப்பாகுமா, தசையாகுமா என்று மனம் கேட்கிறது. நான் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

அக்காவை அட்மிட் செய்துவிட்டார்கள். காலையிலிருந்து குழறிக் குழறிப் பேசினாளாம். நான் போனபோது என்னைப் பார்த்து, செத்துப்போன எங்கள் சித்தப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ரத்தத்தில் விஷம் ஏறினால் இப்படி ஆகும், மருந்தில் தெளியும் என்றார்கள். நான் தலையாட்டினேன்.

வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மதியம் போன் அடிக்கவில்லை. அவள் எங்கே அடிப்பாள். சந்திரலேகா பையிலிருந்து அவித்த முட்டையை எடுத்து உரித்தாள். வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டேன். இப்போது போய் எப்படிச் சாப்பிடுவது? உள்ளே அவள் அப்படிக் கிடக்கும்போது?

“இப்பதான் சாப்பிடணும்,” என்றாள்.

அழுதுகொண்டே தின்றேன். எதிரே இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

தெளிந்துவிட்டாள். என்னை ‘நம்பி’ என்று கூப்பிட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

ஸ்கேன் சரி. என்சைம் சரி. கொழுப்பு அவர்கள் கேட்ட அளவுக்கு இறங்கிவிட்டது. எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் வேடிக்கை.

கமிட்டியில் என்னைத் தனியாகவும் சந்திரலேகாவைத் தனியாகவும் கூப்பிட்டார்கள். யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அவளிடம் என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய் என்று பஸ்ஸில் கேட்டேன். “சாப்பிடுதாரான்னு கேட்டாவ. சாப்பிடுதாருன்னு சொன்னேன்,” என்றாள். கமிட்டியில் யார் இதைக் கேட்பார்கள்? பொய். ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டாள். பிள்ளைப்பாக்கத்தில் இறங்கும்வரை என் கையை விடவில்லை.

ஜூலை 23, புதன்

ஆஸ்பத்திரி. நாளைக் காலை முதல் ஆள் நான்தான். சாயங்காலம் கொஞ்சம் கஞ்சி கொடுத்தார்கள். இனி எதுவும் சாப்பிடக் கூடாதென்று நர்ஸ் கட்டில் தலைமாட்டில் அட்டை மாட்டிவிட்டுப் போனார்.

இப்போது பசிக்கிறது. நிஜப் பசி. ஒன்றரை மாதமாக வராதது, குடலைப் பிடித்து இழுக்கிறது. கொத்து பரோட்டா, சால்னா, அதன் மேல் வெங்காயம் — எல்லாம் கண்ணில் தெரிகிறது. சந்திரலேகாவிடம் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு வேறு மாதிரி ஆகி, முகத்தை என் போர்வையில் வைத்துக்கொண்டாள்.

பயம் போகவில்லை. பசியும் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 6, புதன்

வீடு. மூன்று வரி எழுதவே மூச்சு வாங்குகிறது. அக்கா இன்னும் ஐ.சி.யு.வில். நான் கொடுத்தது வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்கிறார்கள். எனக்கு நம்பப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அக்காவை வார்டுக்கு மாற்றி நான்கு நாள். அத்தான் காலையில் போன் செய்தார். குரல் ஒரு மாதிரி இருந்தது. என்ன அத்தான், என்ன ஆச்சு என்று இரண்டு தடவை கேட்டேன்.

அக்கா இரண்டு இட்லி இருந்த தட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாளாம். சட்னியில் உப்பில்லை, மனுசி திங்கதா இது என்று நர்ஸிடம் சண்டையாம். உப்புச் சேர்க்கக் கூடாது என்று அவர்கள் சொல்ல, அப்படியானால் இன்னும் இரண்டு இட்லி கொடுங்கள், வெறுமனே தின்னுக்கிடுதேன், காலையிலேயே வயிறு காந்துது என்று கேட்டாளாம்.

“நாலு இட்லில நம்பி,” என்றார் அத்தான்.

சிரித்தால் தையல் இழுக்கும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அடுப்படியிலிருந்து சந்திரலேகா என்ன, என்ன என்று ஓடி வந்தாள்.