திராட்சை காட்டும் கை

மார்ச் 4
மகாராணி குட்டி போட்டுவிட்டாள். இடது வரிசைக் கூண்டுகளில், அதாவது இனிப்பும் கொழுப்பும் கூட்டிய தீனி தின்னும் குரங்குகளில், இதுதான் முதல் பிரசவம். குட்டிக்குக் கழுத்தே இல்லை, அவ்வளவு கொழுகொழு. பார்த்தவுடன் சிரித்துவிட்டேன். தராசில் வைத்ததும் அதற்குக் கை கால் நடுங்கியது. இந்த ஆராய்ச்சியை நடத்தும் மேடம் அதன் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். "சர்க்கரை இறங்கிடுச்சு. வயித்துக்குள்ள அவ்வளவு கிடைச்சுது, வெளிய வந்ததும் நின்னுபோச்சுல்ல." குழாய் வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த பிறகுதான் நடுக்கம் நின்றது.

எடை போடத் தாயிடமிருந்து குட்டியை வாங்குவது என் வேலை. ஒரு கையில் திராட்சையைக் காட்ட வேண்டும். அவள் அதை வாங்க எட்டும்போது மறு கையால் குட்டியை உருவிவிட வேண்டும். "ரெண்டு நிமிஷம்தான்டி" என்று சொல்லிக்கொண்டே செய்வேன். இதில் என்னை மிஞ்ச இங்கே ஆளில்லை. ஆறு மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறவளுக்கு இந்தப் பெருமை வேறு.

மார்ச் 11
எனக்குச் சர்க்கரை கூடியிருக்கிறதாம்.

மார்ச் 12
நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை. டாக்டரம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். "மாசமா இருக்கும்போது நிறைய பேருக்கு வர்றதுதான். சாப்பாட்டுல கவனமா இருங்க, போதும்." எனக்கோ கண்ணை மூடினால் அந்த நடுங்குகிற கை கால்.

இவரிடம் சொன்னேன். "நீ குரங்கோடயே இருந்து இருந்து எல்லாத்தையும் குரங்காவே பாக்கிற" என்றார். சிரிக்கவைக்கப் பார்த்தார், பாவம். அவரும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துபோனார்.

மார்ச் 15
என் பிள்ளைக்கும் அப்படி ஆகுமா என்று மேடத்திடம் கேட்டேன். "குரங்கு வேற, நாம வேற. மனசப் போட்டுக் குழப்பிக்காத." அப்படியானால் எதற்குக் குரங்கை வைத்து ஆராய்ச்சி? வாய்வரை வந்தது.

மார்ச் 24
மகாராணியின் குட்டிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். "ஈரல்ல இப்பவே கொழுப்பு. அருமையான ரிசல்ட்" என்றார் மேடம்.

அருமையாம்.

இன்றிலிருந்து இனிப்பு, கிழங்கு, பழம் எதுவும் கிடையாது. மற்றதையும் கிண்ணத்தில் அளந்துதான் சாப்பிடப்போகிறேன், இங்கே தீனி அளக்கிற மாதிரி.

ஏப்ரல் 2
பசிக்கிறது. பசித்தால் நல்லது என்று தோன்றுகிறது.

ஏப்ரல் 9
முட்டாள். முட்டாள். என் எடை இறங்கியிருக்கிறது. வயிற்றிலிருப்பதும் வளர வேண்டிய அளவு வளரவில்லை. "யாரு உங்களப் பட்டினி கிடக்கச் சொன்னது?" என்று டாக்டரம்மா கேட்டார். என்னவென்று சொல்வது? இடது வரிசையைப் பார்த்துப் பயந்து, வலது வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டேன் என்றா?

வலது வரிசைக்குத் தீனி குறைவு. அதுங்க போடுற குட்டி உள்ளங்கையில அடங்கிடும். அதையும் நான்தானே எடை போடுறேன்? எப்படி மறந்துபோச்சு எனக்கு? நடு வரிசைன்னு ஒண்ணு இருக்கே — சாதாரணமா தின்னுட்டு சாதாரணமா பெத்துக்கிற வரிசை — அது ஏன் என் கண்ணுல படவே இல்ல?

ஏப்ரல் 10
நான் சாப்பிட்டு முடிக்கும்வரை இவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

மே 2
மகாராணி இன்று திராட்சையை வாங்கவில்லை. அதைப் பார்த்தாள். என் மறு கையைப் பார்த்தாள். குட்டியை அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டா காட்டு" என்றார் மேடம். காட்டினேன். முதுகுதான் பதில்.

மயக்க ஊசி போட்டார்கள். மயங்கிய பிறகும் அவள் விரல்கள் குட்டியின் முடியைப் பிடித்திருந்தன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

பயமாக இருக்கிறது. இது சர்க்கரையைப் பற்றிய பயம் மட்டும் இல்லை. வேறு என்ன என்று சொல்லத் தெரியவில்லை.

மே 20
விடுப்பு ஆரம்பம். "குழந்தை இப்ப சரியா இருக்கு" என்றார் டாக்டரம்மா. சரி என்றால் எந்த வரிசை?

ஜூன் 5
பெண். வீறிட்டு அழுதாள். நடுங்குகிறாளா என்றுதான் முதலில் பார்த்தேன். இல்லை. குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள். நம்பாமல் இன்னொரு முறை பார்க்கச் சொன்னேன். அப்போதும் நன்றாகவே இருந்தது. எடையும் சரி.

"நடு வரிசை" என்று இவரிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் அழுதார்.

ஜூன் 6
காலையில் நர்ஸ் வந்தார். சிரித்த முகம், நல்ல பெண். ஒரு கையில் எனக்குப் பால். "சூடா இருக்கு, இதக் குடிங்க. அதுக்குள்ள பாப்பாவ எடை போட்டுட்டு வந்துடறேன்" என்று மறு கையை நீட்டினார்.

டம்ளரைப் பார்த்தேன். அந்த மறு கையைப் பார்த்தேன். பிள்ளையை அணைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா இது, ரெண்டு நிமிஷம்தானே" என்றார் முதுகுக்குப் பின்னாலிருந்து.

நானும் அப்படித்தான் சொல்வேன்.